குண்டுப் பங்கு: ஈயமில்லாத தோட்டா தேடி வால்பாறை போய் வந்த கதை

வால்பாறை பற்றி நான் முன்பு எழுதிய பதிவின் கீழே போன வாரம் ஒரு வாசகர் கேள்வி போட்டிருந்தார். ஆப்பிரிக்காவில் வேலையாம். அங்கே முறைப்படி உரிமம் எடுத்து நண்பர்களோடு வேட்டைக்குப் போகிறாராம். "ரைஃபிளுக்கு ஈயத் தோட்டா வாங்குவதா, ஈயமில்லாத செம்புத் தோட்டா வாங்குவதா? ஊர் சுற்றுகிற ஆள் நீங்கள், தெரிந்தால் சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தார். எந்தக் கடையில் தேயிலை நன்றாக இருக்கும், எத்தனையாவது வளைவில் வாந்தி வரும் என்று கேட்பவர்கள் நடுவில் இப்படியும் ஒருவர். சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் எனக்குப் பதில் தெரியும் என்பதுதான் சங்கடம்.

1996 தை மாதம், ஈயமில்லாத தோட்டா தேடி மேட்டுப்பாளையம், கோவை, வால்பாறை என்று மூன்று நாள் அலைந்தேன். எத்தனையோ ஊர்களைப் பற்றி எழுதியும் இந்தப் பயணத்தை மட்டும் எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். காரணம் பதிவின் கடைசியில் உங்களுக்கே தெரியும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் வேட்டை குற்றம், அப்போதும் குற்றம்தான். மலையடிவாரத்தில் சில விவசாயிகளிடம் பயிர்ப் பாதுகாப்புக்கென்று உரிமம் வாங்கிய பழைய துப்பாக்கிகள் இருந்தன. காட்டுப்பன்றியை விரட்ட என்று காகிதத்தில் இருக்கும். விரட்டும்போது ஒன்றிரண்டு விழும், விழுந்தது குழம்பாகும். ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வெளியே பேசமாட்டார்கள். நான் நியாயப்படுத்தவில்லை. இதைப் படித்துவிட்டு யாரும் அடிவாரத்துக்குத் துப்பாக்கியோடு கிளம்பிவிட வேண்டாம்.

அப்படி உரிமம் வைத்திருந்தவர்களில் ஒருவர் என் அக்காவின் கணவர். நான் மச்சான் என்று கூப்பிடுவேன், அவர் என்னை மாப்ளே என்பார். மேட்டுப்பாளையத்திலிருந்து பதினோரு கிலோமீட்டர் தள்ளி, மலை ஆரம்பிக்கிற இடத்தில் அவருக்கு வாழையும் பாக்கும். ஊர்ப் பெயர் வேண்டாம். நான் அப்போது கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தேன். வருகிற உதிரி பாகத்தை அளந்து பார்த்து, சரி, சரியில்லை என்று சொல்வதுதான் வேலை. அளக்கத் தெரிந்தவன் என்று எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அக்காவுக்கு ஒரே பெண், கோகிலா, ஏழு வயது. அந்த மார்கழி முழுக்க அவளுக்கு வயிற்றுவலி. சோற்றைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள், முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிட்டது. பூச்சி மருந்து கொடுத்தார்கள், மிளகாய் சுற்றிப் போட்டார்கள், அவிநாசிக்குக் கூட்டிப்போய் அர்ச்சனையும் செய்தார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியார் அக்காவைக் கூப்பிட்டு, "புள்ள முன்ன மாதிரி இல்லீங்க அம்மிணி, நேத்து சொன்னத இன்னைக்கு மறந்துபோடுது" என்று சொன்ன பிறகுதான் எனக்கு ஆள் அனுப்பினார்கள். நான்தான் கோவையில் ஒரு குழந்தை டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

டாக்டர் அம்மா எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார். வலது அடிவயிற்றில் நான்கு வெள்ளைப் புள்ளிகள், கடுகு அளவில், உருண்டையாக.

"பாசிமணி எதையாவது முழுங்கினாளா?" என்று கேட்டார்.

அக்காவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. கோகிலாவே பதில் சொல்லிவிட்டாள். "அது ரவைங்க. நான் கடிச்சிட்டு முழுங்கிப்போட்டேன்."

இங்கே அந்த வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பன்றி விழுந்தால் கறியைப் பங்கு போடுவார்கள். குண்டு பட்ட இடத்துச் சதை, அது தொடையோ முன்னங்காலோ, சுட்டவன் வீட்டுக்குத்தான். அதற்குக் குண்டுப் பங்கு என்று பெயர். சுட்டது இன்னார் என்பதற்கு அதுதான் சாட்சி. அந்தப் பங்கு வேறு வீட்டுக்குப் போனால் சுட்டவனுக்கு அவமானம். சாப்பிடும்போது யார் பல்லில் ரவை, அதாவது தோட்டாவிலிருந்து சிதறும் ஈயக் குருணை, சிக்குகிறதோ அவர்களுக்கு அதிர்ஷ்டம் என்று ஒரு விளையாட்டு வேறு. கோகிலா ஒரு தீப்பெட்டியில் ரவையைச் சேர்த்து வைத்திருந்தாள். சில சமயம், எடுத்து வைத்தால் யாராவது பிடுங்கிக்கொள்வார்கள் என்று முழுங்கியும் விட்டிருக்கிறாள்.

ரத்தப் பரிசோதனை முடிவு வர எட்டு நாள் ஆனது. ஈயம் ஏறியிருக்கிறது என்றார் டாக்டர். "ரவையை முழுங்கினது மட்டும் இல்ல, அந்தக் கறியிலயே ஈயம் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. பெரியவங்களவிடச் சின்னப் பிள்ளைங்களத்தான் அது அதிகமா பாதிக்கும், மூளையப் பாதிக்கும். உடனே நிறுத்துங்க. ஊர்லயும் எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க." நான் தலையாட்டினேன். கடைசியாக அவர் சொன்னதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிறு காலை 7.10க்குக் காந்திபுரத்தில் பஸ் ஏறி, 8.25க்கு மேட்டுப்பாளையம். ஆறு ரூபாய் டிக்கெட். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். ஸ்டாப்பில் நஞ்சன் சைக்கிளோடு நின்றிருந்தார். மச்சானின் பண்ணையத்தில் வேலை பார்ப்பவர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். வாழைக்குக் காவல் இருப்பது, பன்றி விழுந்தால் தூக்கிவருவது, தோலுரிப்பது எல்லாம் அவர்தான். பங்கில் அவருக்குக் குடலும் குளம்புக் காலும். தலைமுறையாக அப்படித்தான், யாரும் அதைப் பற்றி யோசித்ததில்லை. நானும் யோசித்ததில்லை.

"கோகிலா அம்மிணிக்கு எப்படி இருக்குதுங்க?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். "எங்க மயிலா தெனமும் கேக்கறாளுங்க. எங்கூட்டுப் பொடுசும், கோகிலாக்கா எப்ப வெளையாட வரும்னு கேக்குது." மயிலா அவர் மனைவி. அந்தப் பொடுசு செல்வி, நான்கு வயது.

மச்சான் களத்தில் உட்கார்ந்திருந்தார். பெண்ணுக்குத் தன் கையாலேயே விஷம் வைத்துவிட்டோம் என்று அவருக்குள் ஓடிக்கொண்டிருந்தது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் துப்பாக்கியை விட்டுவிடுங்கள் என்றதும் கோபம் வந்துவிட்டது.

"சுடாம என்ன செய்யச் சொல்றே மாப்ளே? முந்தா நேத்து மட்டும் நாப்பது வாழையச் சாய்ச்சுப்போட்டுப் போயிருக்குது. ஈயந்தானே சேராது? ஈயமில்லாத குண்டு எதாச்சும் இருக்குதான்னு பாரு. நீதான் கம்பெனியில இருக்கறவனாச்சே."

நான் கம்பெனிக்காரன் இல்லையா, புத்தி உடனே வேலை செய்தது. எங்கள் ஸ்டோரில் பேரிங் குண்டுகள் கிடக்கும். உருக்கு. ஒரே அளவு, பளபளவென்று, மயிரிழை வித்தியாசம் இருக்காது. பிய்யாது, ரத்தத்தில் கலக்காது. இதைவிடச் சுத்தமான குண்டு உலகத்தில் உண்டா? மச்சானிடம் சொன்னதும் அவர் முகம் தெளிந்தது. "அதக் கொண்டா மொதல்ல" என்றார். பம்ப்பும் மோட்டாரும் மட்டுமே பார்த்து வளர்ந்த ஆட்களுக்குத்தான் இந்த யோசனை வரும்.

நல்லவேளை, யாரிடமாவது கேட்டுவிடலாம் என்று தோன்றியது. மறுநாள் திங்கள், அரை நாள் லீவு போட்டு, கோவை டவுன்ஹால் பக்கத்துச் சந்தில் இருந்த துப்பாக்கிக் கடைக்கு மத்தியானம் இரண்டரை மணிக்குப் போனேன். கடையில் கூட்டமே இல்லை. ஈயமில்லாத தோட்டா வேண்டும் என்றதும் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனுங்க, சக்கரை இல்லாத அல்வா கேக்கற மாதிரியில்ல இருக்குது? தோட்டான்னாலே ஈயந்தானுங்க. நம்ம நாட்டுல வேற எதுவும் வர்றதில்லீங்க."

பேரிங் குண்டு பற்றிக் கேட்டேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "அந்த வேலையெல்லாம் வேண்டாமுங்க. எதுக்கும் வால்பாறையில தாமஸ்னு ஒருத்தர் இருக்காரு, எஸ்டேட்ல ஃபீல்டு ஆபீசர். ரைஃபிள் கிளப் மெம்பர். வெளிநாட்டுப் புஸ்தகமெல்லாம் வரவழைச்சுப் படிக்கறவரு. அவருகிட்டப் போயி ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுச் செய்யுங்க." முகவரியை ரசீது நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார்.

செவ்வாய் விடிகாலை 5.15க்கு உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ். நாற்பது கிலோமீட்டர், ஒரு மணி பத்து நிமிடம், ஏழு ரூபாய். பொள்ளாச்சியில் ஒரு டீயும் இரண்டு பன்னும். 6.50க்கு வால்பாறை பஸ், பன்னிரண்டு ரூபாய். அறுபத்தைந்து கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம் ஆகும். ஆழியாறு தாண்டினதும் வளைவுகள் ஆரம்பிக்கும், மொத்தம் நாற்பது. டிரைவருக்குப் பின்னால் இடதுபக்க ஜன்னல் கிடைத்தால் அணை முழுதாகத் தெரியும். எனக்குக் கிடைத்தது, ஆனால் அன்றைக்கு வெளியே ஒன்றுமே தெரியவில்லை. ஒன்பதாவது வளைவுக்கு மேல் மூடுபனி. விளக்கைப் போட்டுக்கொண்டு பஸ் நடந்துபோகிற வேகத்தில் ஏறியது. சட்டைப் பையில் ஒரு பொட்டலம் பேரிங் குண்டு ஒவ்வொரு வளைவிலும் குலுங்கிக்கொண்டே வந்தது. தாமஸிடம் காட்டிப் பாராட்டு வாங்கலாம் என்று எடுத்துப் போயிருந்தேன்.

பக்கத்தில் ஒரு எஸ்டேட் அம்மாள், தூக்குப் போசியை மடியில் வைத்துக்கொண்டு. எங்கே போகிறேன் என்று கேட்டார், சொன்னேன். "தாமஸ் சாரா? நல்லவருதான் தம்பி. ஆனா எங்களுக்கு வர வேண்டிய ரேஷனத் தவிர எல்லாத்தப் பத்தியும் பேசுவாரு" என்றார்.

10.05க்கு வால்பாறை. அங்கிருந்து ஜீப்புக்கு ஐந்து ரூபாய் கொடுத்து, தொழிலாளர் லைன் வீடுகளைத் தாண்டி, பதினொன்றுக்கு அவர் குவார்ட்டர்ஸ். நாற்பது வயசிருக்கும், முழங்காலில் அட்டைக்கடிக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்லி முடித்தேன். பொட்டலத்தைப் பிரித்து மேசையில் கொட்டினேன்.

தாமஸ் ஒரு குண்டை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தார். கீறல் விழவில்லை.

"மச்சான்கிட்ட சொல்லுங்கோ, இதைப் போட்டா முதல்ல குழல் போகும், அப்புறம் அவர் விரல் போகும். பழைய துப்பாக்கியோட குழல் மெது இரும்பு. ஈயம் மெத்துன்னு இருக்கும், அமுங்கிப் போகும். இது அமுங்காது, குழலைக் கிழிக்கும். வெளிநாட்டுல உருக்கு ரவை உண்டு, ஆனா அதுக்குன்னே செஞ்ச மெது உருக்கு, அதுக்குன்னே செஞ்ச துப்பாக்கி. துப்பாக்கிக்கு ஏத்த குண்டைத்தான் தேடணும். கைக்குக் கிடைச்சதைப் போடக் கூடாது."

பத்து வருடமாகப் பேரிங்கை அளந்தவன், அது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அதைக் குழலோடு சேர்த்து நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். குண்டுகளைத் திரும்பப் பொட்டலம் கட்டினேன்.

பிறகு அவர் ஒரு பழைய வெளிநாட்டுப் பத்திரிகையை எடுத்துவந்தார். ரைஃபிள் குண்டுகள் பற்றிய கட்டுரை. வாசகரே, நீங்கள் கேட்டதற்கான பதில் இங்கேதான் இருக்கிறது. ஈயக் குண்டு பட்ட மானின் எக்ஸ்ரே ஒரு பக்கம். காயத்தைச் சுற்றி ஒரு சாணுக்கு மேல் வெள்ளைத் துகள், ரவையைக் கையிலிருந்து இறைத்தது மாதிரி. எதிர்ப் பக்கத்தில் முழுச் செம்பில் செய்த குண்டு பட்ட இடம். துகள் இல்லை. குண்டு முனை நான்கு இதழாக விரிந்து, சிதறாமல் அப்படியே நிற்கிறது. அப்போதுதான் அந்த மாதிரிக் குண்டு வெளிநாட்டில் கடைக்கு வர ஆரம்பித்திருந்ததாம்.

"இதுல ஏமாறக் கூடாது" என்று தன் மேசை டிராயரிலிருந்து குறுக்கே அறுத்த குண்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். வெளியே செம்பு நிறம், உள்ளே சாம்பல் நிறம். "பார்த்தா செம்புன்னு தோணும். தோல் மட்டும்தான் செம்பு, வயித்துக்குள்ள முழுக்க ஈயம். பெட்டியில ஈயமில்லைன்னு எழுதியிருக்கான்னு படிக்கணும். எடையிலயும் பார்க்கணும், ஒரே எடைக்குச் செம்புக் குண்டு நீளமா இருக்கும். எல்லா ரைஃபிளுக்கும் ஒத்துப் போகாது. மாத்தினா காகிதத்துல பத்து ரவுண்டாவது சுட்டுப் பார்த்து, குறி எங்கே விழுதுன்னு தெரிஞ்ச பிறகுதான் உயிர் மேல வைக்கணும்."

"இங்க கிடைக்குமுங்களா சார்?"

"கிடைக்காது. என் பெட்டியில இருக்கறதும் ஈயம்தான். நான் காகிதத்தைத்தான் சுடறேன், காகிதத்தை யாரும் தின்னறதில்லை." அறுத்த குண்டைத் திரும்ப டிராயரில் போட்டார். "உங்க ஊர்ல இப்போதைக்கு ஒரு வழிதான். சுடாம இருக்கணும். இல்லைன்னா காயத்தைச் சுத்தி நல்லா தாராளமா வெட்டி எடுத்து, நாய் தோண்டாத ஆழத்துல புதைக்கணும். அதுவும் பாதி வழிதான்."

மத்தியானம் 1.30 பஸ்ஸில் இறங்கினேன். கையில் தோட்டாவும் இல்லை, கடை முகவரியும் இல்லை. ஆனாலும் ஒரு தெளிவு கிடைத்துவிட்டதாக ஒரு திருப்தி. அன்றைய செலவு மொத்தம் ஐம்பத்திரண்டு ரூபாய். பேரிங் குண்டை அடுத்த நாள் ஸ்டோரில் திரும்பக் கொட்டிவிட்டேன்.

சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போய் மச்சானிடம் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது ஒரு சொல் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. "ஈயமில்லாத குண்டு கெடைக்காதுங்க மச்சான். இனிமே சுட்டா, குண்டு பட்ட எடத்தச் சுத்தி ஒரு சாண் எடுத்துருங்க. அந்தப் பங்கு நம்மூட்டுல யாரும் திங்க வேண்டாம்."

"கறியக் கொண்டுபோயி மண்ணுல போடறதா?" என்றார்.

"அதுக்கு என்ன செய்யறது? கோகிலாவப் பாருங்க."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அக்கா உள்ளேயிருந்து, "சரி, சாப்பிட வாங்க" என்றாள். பிரச்சினை தீர்ந்தது என்று நான் நிம்மதியாக நாலு தோசை சாப்பிட்டேன்.

அடுத்து நான் அங்கே போனது பங்குனி கடைசியில். மருந்தில் கோகிலா தேறிக்கொண்டிருந்தாள், பார்த்துவிட்டு வரலாம் என்று. அதே 7.10 பஸ், அதே ஸ்டாப், சைக்கிளோடு அதே நஞ்சன். அன்றைக்கு முன்னால் குழந்தை செல்வியையும் உட்காரவைத்துக் கூட்டிவந்திருந்தார். பையை வாங்கிக் கேரியரில் வைத்தபடியே சொன்னார், முகமெல்லாம் சிரிப்பு.

"சின்னப் பண்ணாடிக்குச் சேதி தெரியுங்களா? பண்ணாடி இப்பெல்லாம் குண்டுப் பங்க எங்களுக்கே குடுத்துப்போடறாருங்க. தையில ஒருக்கா, மாசியில ரெண்டு தடவைங்க. எங்கப்பன் காலத்துலகூட வளவுப் பக்கம் குண்டுப் பங்கு வந்ததில்லீங்க. மயிலாவுக்கு நம்பவே முடியலீங்க. காவக்காரனுந்தான் பாதி சுட்ட மாதிரின்னு பண்ணாடியே சொன்னாருங்க."

பண்ணாடி என்று அவர் சொல்வது பண்ணைக்காரரான மச்சானை, சின்னப் பண்ணாடி நான். வளவு என்றால் அவர்கள் குடியிருக்கும் தெரு. செல்வி கையில் ஒரு தீப்பெட்டி. குலுக்கிக் காட்டினாள், கலகலவென்றது.

"கோகிலாக்கா குடுத்துச்சா கண்ணு?"

"இல்ல, இது என்னோட ரவை. நானே கடிச்சேன்" என்றாள்.

நான் சைக்கிளை நிறுத்தச் சொன்னேன். அந்த ரோட்டோரத்தில் நின்றே நஞ்சனிடம் சொன்னேன். ஈயம் விஷம், குழந்தைக்கு ஆகாது, இனிமேல் அதைத் தொடாதீர்கள், செல்வியை உடனே கோவைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று. அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. கேட்டார்:

"பண்ணாடிக்கு இது தெரியாதுங்களா?"

"தெரியாது" என்றேன். அக்கா வீட்டுக்காரரை எப்படி விட்டுக்கொடுப்பது? அந்த நொடியில் அதுதான் தோன்றியது.

அக்காவைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "புதைச்சா ஊர்ல நாலு பேரு கேப்பாங்க. ஒறம்பரை சொந்தக்காரங்க ஊட்டுக்கும் குடுக்க முடியாது. கறிய மண்ணுல போட அவருக்கும் மனசு வரலைடா. வேண்டாம்னு சொல்லத்தான் நெனச்சேன். சொல்லல." மச்சான் தோட்டத்திலிருந்து வரவேயில்லை. நான் வந்திருப்பது தெரிந்தும் வரவில்லை.

மறுநாள் நஞ்சனும் மயிலாவும் செல்வியோடு கோவை வந்தார்கள். காந்திபுரத்தில் போய் நின்று கூட்டிக்கொண்டேன். அதே டாக்டர், அதே எக்ஸ்ரே அறை. மயிலா துவைத்த சேலையில், குழந்தைக்குப் பவுடர் போட்டு, பொட்டு வைத்து, ஏதோ கல்யாணத்துக்கு வந்தது போல உட்கார்ந்திருந்தாள். 11.40க்குக் கூப்பிட்டார்கள்.

செல்வியின் படத்தில் இரண்டு புள்ளிகள்.

டாக்டர் அம்மா ஊர்ப் பெயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எழுந்து பீரோவிலிருந்து கோகிலாவின் பழைய படத்தைத் தேடி எடுத்து, செல்வியின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். ஒன்றில் நான்கு, ஒன்றில் இரண்டு.

"தை மாசமே சொன்னேனே சார். ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லுங்கன்னு. சொன்னீங்களா?"

நஞ்சன் விளக்குப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. படங்களைப் படிக்க அது தேவைப்படவில்லை. அவமானத்தில் உடம்பு கூசியது என்று இன்று எழுதுவது சுலபம். அன்றைக்கு நான் செய்ததெல்லாம் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்ததுதான்.

மருந்து வாங்கிக்கொண்டு, மத்தியானம் 2.20 பஸ்ஸில் நானும் அவர்களோடு மேட்டுப்பாளையம் போனேன். விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. செல்வி மயிலா மடியில் தூங்கிவிட்டாள். நஞ்சன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். காரமடை தாண்டியதும் கேட்டார்:

"பக்கத்துல மாட்டுன படம் கோகிலா அம்மிணிதானுங்களே?"

"ஆமா."

"தையில எடுத்ததுங்களா?"

"ஆமா."

"சரிங்க" என்றார்.

மேட்டுப்பாளையத்தில் இறங்கினோம். உருளைக்கிழங்கு மூட்டை லாரிகளுக்கு நடுவில் டவுன் பஸ்ஸுக்கு நின்றோம். பஸ் வந்ததும் மயிலா ஏறினாள். நஞ்சன் ஏறப் போனவர் திரும்பிவந்து, செல்வியின் தீப்பெட்டியை இடுப்பிலிருந்து எடுத்து என் கையில் வைத்தார். குரலை உயர்த்தவில்லை. எப்போதும் போல மரியாதையாகத்தான் சொன்னார்.

"இது பண்ணாடி பங்குங்க. அவருகிட்டயே குடுத்துப்போடுங்க."

அந்தச் சித்திரையில் நஞ்சன் பண்ணையத்தை விட்டு நின்றுவிட்டார். மேட்டுப்பாளையத்தில் பாக்கு குடோனில் மூட்டை தூக்குவதாகச் சொன்னார்கள், பிறகு அங்கேயும் இல்லை என்றார்கள். தேர்தல் வந்ததால் மச்சான் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தார். தேர்தல் முடிந்தும் போய் வாங்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கோகிலா படித்து, கல்யாணமாகி, இப்போது திருப்பூரில் இருக்கிறாள். செல்வி என்ன ஆனாள் என்று எனக்குத் தெரியாது. இரண்டு முறை தேடிப் போனேன். மூன்றாவது முறை போகவில்லை.

ஆக, வாசகருக்கு. நீங்கள் இருக்கும் இடத்தில் சட்டம் அனுமதித்தால், முழுச் செம்புக் குண்டையே வாங்குங்கள். விலை கூடத்தான் இருக்கும். செம்புத் தோல் போர்த்திய ஈயத்தைக் கண்டு ஏமாறாதீர்கள், பெட்டியைப் படியுங்கள். உங்கள் ரைஃபிளுக்கு அது ஒத்துப்போகுமா என்று உரிமம் உள்ள கடையில் கேட்டு, காகிதத்தில் சுட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பழைய துப்பாக்கியில் உருக்கு ரவை வேண்டவே வேண்டாம். ஈயத்தைத் தவிர வேறு கிடைக்காவிட்டால் பயணத்தை ரத்து செய்யுங்கள். அதையும் மீறிச் சுட்டீர்களானால், காயத்தைச் சுற்றி வெட்டியதை உங்கள் கையாலேயே புதையுங்கள். வேலைக்காரரிடம் கொடுத்து அப்புறப்படுத்தச் சொல்லாதீர்கள். வீட்டில் யாரும் சாப்பிட வேண்டாம் என்று சொன்னால் போதாது. யாருமே சாப்பிடக் கூடாது என்று சொல்லுங்கள். நான் அந்த ஒரு வாக்கியத்தைச் சரியாகச் சொல்லியிருக்க வேண்டும்.

வால்பாறைக்குப் போகிறவர்களுக்கு: பஸ் நேரமும் கட்டணமும் எல்லாம் மாறிவிட்டன, விசாரித்துக்கொள்ளுங்கள். பனிக்காலத்தில் மத்தியானத்துக்குள் இறங்கிவிடுவது நல்லது.

மச்சான் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் எத்தனை பொங்கல், எத்தனை விசேஷம், எத்தனை முறை எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருப்போம். தீப்பெட்டி என் மேசை டிராயரில்தான் இருக்கிறது. ஒவ்வொரு முறை ஊருக்குக் கிளம்பும்போதும் அதைப் பையில் வைத்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் திரும்பக் கொண்டுவந்திருக்கிறேன். அவரிடம் கொடுக்கவில்லை.